பொம்மை வீடு: நிமிர்த்தும் முன்பே அலங்கரித்துவிடுங்கள்

கேள்வி: ஏழு வயது மகளுக்காக அட்டைப்பெட்டியில் இரண்டு மாடிப் பொம்மை வீடு செய்தேன். உள்ளே பூப்போட்ட காகிதம் ஒட்டினேன். மறுநாளே சுவர்கள் உள்பக்கமாக வளைந்துவிட்டன. மூலைகளில் கை நுழையாததால் வேலையும் அரைகுறை. ஆசையாக வாங்கிய நாற்காலியில் அவளுடைய பொம்மை உட்காரவே இல்லை. முதலிலிருந்து செய்ய நினைக்கிறேன். எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் நிஜ வீடு கட்டும் வரிசையில் செய்திருக்கிறீர்கள். சுவர் எழுப்பி, கூரை போட்டு, கடைசியில் பூச்சு வேலை. பொம்மை வீட்டுக்கு அது அப்படியே தலைகீழ். சுவர்களை மேசைமேல் படுக்க வைத்து ஜன்னல் வெட்டி, காகிதம் ஒட்டி, தரை பதித்து, எல்லாம் காய்ந்த பிறகுதான் நிமிர்த்த வேண்டும். மூலைக்குக் கை போகவில்லை என்ற பிரச்சினையே அப்போது வராது.

ஆனால் முதல் வேலை, பொம்மையை அளப்பது. கைவினைஞர்கள் அதிகம் பயன்படுத்தும் விகிதம் 1:12. அதாவது நிஜத்தில் 1 அடி, இங்கே 1 அங்குலம். ஐந்தரை அடி ஆள் ஐந்தரை அங்குலப் பொம்மை ஆகிறார். 10 அடிச் சுவருக்கு 10 அங்குலம், 30 அங்குல மேசைக்கு இரண்டரை அங்குலம். இங்கிலாந்தில் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-இல் முடிந்த அரசி மேரியின் பொம்மை வீடு, குழாயில் தண்ணீரே வரும் அந்த வீடு, இதே 1:12-தான். கடைகளில் கிடைக்கும் குட்டி நாற்காலி, கட்டில்களும் பெரும்பாலும் இந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. பார்பி வகைப் பொம்மையோ பதினொன்றரை அங்குலம், அது 1:6. அவளுக்கு 10 அடிச் சுவர் என்றால் 20 அங்குலம். இரண்டு மாடி போட்டால் வீடு மூன்றடியைத் தாண்டிவிடும். உங்கள் நாற்காலியும் பொம்மையும் ஒத்துப்போகாததற்கு அநேகமாக இதுதான் காரணம். புது வீட்டை 1:12-இல், ஐந்து அங்குலத்தை ஒட்டிய பொம்மைக்காக, இரண்டே அறைகளோடு செய்யுங்கள். அறையின் ஆழம் 10 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். குழந்தையின் கை பின்சுவரைத் தொட வேண்டுமே.

சுவர் வளைந்தது ஏன்? வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. ஈரம் பட்டதும் காகிதம் சற்று விரியும். விரிந்த நிலையிலேயே அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். இதற்குச் சரியான மருந்து, அட்டையின் மறுபக்கத்திலும் உடனே ஒரு காகிதம் ஒட்டுவது. இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்தால் சுவர் நேராக நிற்கும். பசையைத் தண்ணீர் கலக்காமல் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவி, மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். இன்க்ஜெட்டில் அச்சடித்த தாள் என்றால் ஈரத்தில் மை கலங்கும். அதற்கு இருபக்க டேப்தான் நல்லது.

பூவின் அளவையும் பாருங்கள். 2 செ.மீ. பூ, அந்த வீட்டில் 24 செ.மீ. பூவாகத் தெரியும். இலை தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியான பூக்களும் மெல்லிய கோடுகளும்தான் பொருந்தும். பளபளப்பு வண்ணத்தைத் தவிர்த்து மேட் அக்ரிலிக் அடியுங்கள். பளபளத்தால் சுவர் பிளாஸ்டிக் போல ஆகிவிடும்.

அட்டை போதும். கிடைத்தால் 5 மி.மீ. ஃபோம் போர்டு (இரண்டு தாள்களுக்கு நடுவே நுரை வைத்த பலகை) இன்னும் சுலபம். நெளிவு அட்டையில் நெளிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி சுவரை வெட்டுங்கள், பாரம் தாங்கும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் மூன்று நான்கு தடவை லேசாகக் கீறி வெட்ட வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டினால் ஓரம் நசுங்கும், விரலுக்கும் ஆபத்து. இந்த வேலை உங்களுடையது, மகளுடையது அல்ல. சுவரின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். வெளியளவு 40 செ.மீ. என்றால், இரண்டு 5 மி.மீ. சுவர்களுக்கு நடுவில் உட்காரும் தரை 39 செ.மீ.தான்.

தரைக்கு எனக்குப் பிடித்தது ஐஸ் குச்சி. சுமார் 1 செ.மீ. அகலம் இருப்பதால், நிஜத்தில் 12 செ.மீ. மரப்பலகை போலவே தெரியும். வளைந்த முனைகளை வெட்டி எறிந்துவிடுங்கள். ஒரு முனை மிச்சமிருந்தாலும் கண் ‘குச்சி’ என்று கண்டுபிடித்துவிடும். கெட்டியான டீ டிகாஷனில் சில குச்சிகளை ஐந்து நிமிடமும் சிலவற்றைப் பதினைந்து நிமிடமும் ஊறவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு மூன்று சாயல்கள் கலந்து வரும்போதுதான் அது பழைய வீட்டுத் தரையாகிறது. பக்கத்து வரிசைகளின் மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள்.

நிமிர்த்தும்போது மூலையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை அணைத்து வைத்தால் சுவர் செங்குத்தாக நிற்கும். மாஸ்கிங் டேப்பால் பிடித்துக் கட்டி இரவு முழுக்க அசைக்காதீர்கள். சூடான குளூ கன் அவசரத்துக்கு உதவும், ஆனால் மூட்டில் கட்டி கட்டியாக நிற்கும். கூரையை ஒட்ட வேண்டாம். தூக்கி எடுக்கும்படி விடுங்கள்.

விளக்கு போட ஆசை என்றால், ஏஏ பேட்டரி பெட்டியோடு வரும் சிறு எல்இடி சரம் வாங்குங்கள். பெட்டியின் மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்கட்டும். பட்டன் பேட்டரியில் ஓடுவது வேண்டவே வேண்டாம். குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். ஒருவேளை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் குட்டிக் கிண்ணம், மணி போன்றவையும் கூடாது.

பழைய வீட்டை எறிந்துவிடாதீர்கள். வளைந்த சுவரைப் பிரித்தெடுத்து, வெளிப்பக்கத்தில் அதே காகிதத்தை ஒட்டி இரண்டு நாள் புத்தகங்களுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், புது வீட்டுக்கு ஒரு சுவர் மிச்சம்.