கதம்பமாகக் கேட்டால் குற்றமா?

கேள்வி: வரும் ஞாயிறு வீட்டில் எல்லோரும் மதுரைக்கு ஒரு திருமணத்துக்குப் போகிறார்கள். முழங்கால் வலியைச் சாக்கிட்டு நான் தங்கிவிட்டேன். பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்க ஆசை. என் ரசனையோ கதம்பம். நாதஸ்வரம் பிடிக்கும், நாகூர் ஹனிபா பிடிக்கும், மகன் அறையிலிருந்து வரும் ஜாஸும் பிடிக்கும். "எதையும் உருப்படியாகக் கேட்கத் தெரியாதவள்" என்று கணவர் கேலி செய்கிறார். அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, அந்த முழங்காலுக்கு முதலில் என் வாழ்த்து.

கதம்பம் குற்றமென்று தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரே சொல்லலாமா? பூக்கட்டுகிறவரைப் பாருங்கள். மல்லிகைக்கு ஒரு முடிச்சு, மரிக்கொழுந்துக்கு ஒரு முடிச்சு, கனகாம்பரத்துக்கு ஒரு முடிச்சு. எல்லாவற்றையும் கூடையில் கொட்டிக் கிளறினால் அது கதம்பமாகாது. கைப்பேசி செய்வது அந்தக் கிளறல்தான். அதனிடம் பொறுப்பை விட்டு நானும் ஒரு ஞாயிறைப் பாழாக்கியிருக்கிறேன். உருக்கமான முகாரி ஓய்ந்து அரை விநாடி ஆகவில்லை, ஒருவர் பற்பசை விற்க வந்துவிட்டார். ஆகவே, எதைக் கேட்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆறு உருப்படிகள் போதும். ஆனால் ஒவ்வொன்றும் நீளமானதாக இருக்கட்டும்.

பாட்டென்றால் மூன்று நான்கு நிமிடம் என்று நமக்குப் பழகிவிட்டது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் கொள்ளும். பெரிய வித்வான்களே ராகத்தை நறுக்கிச் சுருக்கி அதற்குள் அடைத்தார்கள். 1948இல் நீண்ட இசைத்தட்டு வந்த பிறகு, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. உங்களுக்கோ ஒரு பகல் முழுக்கக் கிடைத்திருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் கேட்க முடியாததைக் கேளுங்கள்.

காலையில் காருகுறிச்சி அருணாசலம். நாதஸ்வரம் வீதிக்கும் கோபுர வாசலுக்கும் உரிய வாத்தியம். காதருகே வைத்தால் மிரட்டும். ஒலிபெருக்கியைக் கூடத்தில் வைத்துவிட்டு, காபியோடு கொல்லைப்புறப் படியில் போய் உட்காருங்கள். இரண்டு சுவர் தாண்டி வரும்போது தவிலின் அதட்டல் தேய்ந்து, குழலின் குழைவு மட்டும் மேலே மிதந்து வரும். இந்தத் தூரம் முக்கியம்.

பிறகு ஹனிபாவின் கம்பீரத்தை ஆசைதீரக் கேட்டுவிட்டு, அப்படியே கெய்ரோவுக்குப் போகலாம். எகிப்தின் உம் குல்தூமைக் கேட்டிருக்கிறீர்களா? பல ஆண்டுகள் மாதத்தின் முதல் வியாழன் இரவில் அவர் கச்சேரி வானொலியில் வரும். ஒரே பாட்டு ஒரு மணி நேரமும் போகும், அதற்கு மேலும் போகும். ஒரு வரியைப் பாடுவார், சபை ஆர்ப்பரிக்கும், அதே வரியை வேறு நகாசோடு மறுபடி பாடுவார். நிரவல் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. அரபு தெரியாதே என்று தயங்க வேண்டாம். தெலுங்குக் கிருதிகளுக்கு எத்தனை காலமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம்!

ஒன்று முடிந்ததும் அடுத்ததை உடனே போடாதீர்கள். முந்தைய பாட்டின் சுருதி காதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரம் காய்வதற்குள் வேறு சுருதியில் ஒன்றைத் தொடங்கினால், பாவம், புதிதாக வந்தவர் அபசுரமாகத் தெரிவார். பத்து நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு சிதாரிலோ ஷெனாயிலோ பீம்பலாசி. இந்துஸ்தானி மரபில் அது பிற்பகலுக்கான ராகம். நம் ஆபேரிக்கு நெருங்கிய உறவு, ஆகவே இரண்டாவது நிமிடமே முகம் தெரிந்துவிடும். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனால் தவறில்லை. பிற்பகலுக்கென்று ராகம் வைத்தவர்கள் உண்ட மயக்கம் அறியாதவர்களா என்ன?

மாலையில் மகனுடைய ஜாஸ். மைல்ஸ் டேவிஸ் 1959இல் செய்த பதிவுகளிலிருந்து தொடங்கலாம். அடிக்கடி இடம் மாறிக்கொண்டிருந்த ஸ்வரக் கூட்டுகளை விட்டு, ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் தங்கி உலவும் வழியை அவற்றில் எடுத்துக்கொண்டார். ராகத்துக்குப் பழகிய காது அங்கே காலூன்றிக்கொள்ளும். முதல் தடவை டிரம்பெட்டை விட்டுவிட்டு, அடியில் நடக்கும் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள்.

இரவுக்கு ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய தனிச் செல்லோ இசை. செல்லோ என்பது வயலினின் பெரிய அண்ணன். மொத்தம் ஆறு தொகுதிகள், ஒன்று போதும். பக்கவாத்தியம் கிடையாது, ஒரே ஒரு வில். பின்னாளில் செல்லோ மேதையான பாப்லோ காசல்ஸுக்கு, 1890இல் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோது, பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் இதன் அச்சுப் பிரதி கிடைத்தது. மேடையில் வாசிக்கத் துணிவதற்கு முன் பன்னிரண்டு ஆண்டு வீட்டில் சாதகம் செய்தார். உருப்படியாகக் கேட்பது பற்றிப் பேசும் உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. இட்லி மாவைச் சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள். கிரைண்டர் ஓடும் வீட்டில் செல்லோ எடுபடாது.