மார்கஸ் அரேலியஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்

கேள்வி: நம் கையில் இல்லாததை நினைத்துக் கலங்காமல் வாழச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவம் படிக்க ஆசைப்பட்டு மார்கஸ் அரேலியஸின் 'மெடிடேஷன்ஸ்' வாங்கினேன். யார் யாரிடம் என்ன கற்றார் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. முதல் பகுதியோடு மூடி வைத்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? இதையெல்லாம் படித்தால் மனசு மரத்துப்போகும் என்கிறார் நண்பர். அது உண்மையா?

பதில்: அந்தப் பெயர்ப் பட்டியலில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர், தனக்குத் தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. ஏற்கெனவே தெரிந்ததை நினைவூட்டிக்கொள்கிறவர் யாருக்கு விளக்கம் சொல்லப் போகிறார்? புதிதாக வருகிறவருக்கு அது மூடிய கதவு மாதிரிதான் இருக்கும்.

ரோமின் இன்னொரு ஸ்டோயிக் தத்துவவாதியான செனெகாவின் கடிதங்களில் தொடங்குங்கள். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் லூசிலியஸ் என்ற நண்பருக்கு அவர் எழுதியவற்றில் 124 கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எதிரே ஒரு ஆளை உட்கார வைத்துப் பேசுவதுபோல எழுதுகிறார். அதனால் நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். முதல் கடிதம் நேரம் எப்படிக் கைநழுவுகிறது என்பது பற்றி. இரண்டாவது கடிதம் உங்களுக்கே எழுதியது போலிருக்கும்: பல புத்தகங்களுக்குத் தாவாதே, சிலரோடு தங்கு, தினமும் ஒரு கருத்தை எடுத்து அசைபோடு என்கிறார். வராத துன்பத்தை நினைத்தே வதைபடுகிறோம் என்று சொல்லும் 13-ஆம் கடிதத்தையும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 56-ஆவது. ஒரு பொதுக் குளியல் கூடத்துக்கு மேலே தங்கியிருக்கிறார். எடை தூக்குகிறவர்களின் முனகல், தண்ணீரில் தொப்பென்று குதிக்கும் சத்தம், அக்குள் முடி பிடுங்குகிறவன் ஆள் தேடிப் போடும் கூச்சல், தின்பண்டம் விற்கிறவர்களின் குரல் என்று எல்லாவற்றையும் காதில் விழும்படி எழுதுகிறார். உள்ளே அமைதி இருந்தால் வெளிச் சத்தம் ஒன்றும் செய்யாது என்று நெடுக வாதாடிவிட்டு, கடைசியில் 'சரி, நான் வேறு இடத்துக்குப் போகப்போகிறேன்' என்று முடிக்கிறார். இந்த நேர்மைக்காகவே அவரை நம்பலாம். நீரோவின் ஆசிரியர், பெரும் பணக்காரர், இவர் எளிமை பற்றிப் பேசலாமா என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு கடிதம் போதும். பிற்பகுதிக் கடிதங்கள் சில நீளமானவை, வாதம் நிறைந்தவை. அவற்றைத் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் பழையவை, நடை கனமாக இருக்கும். புதிய மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்து எபிக்டெட்டஸ். அடிமையாக வாழ்ந்து, விடுதலை பெற்று, பள்ளி நடத்தியவர். அவர் எதையும் எழுதவில்லை. மாணவர் அரியன்தான் எழுதி வைத்தார். 'என்கைரிடியன்' என்ற கையேடு ஒரே மாலையில் முடிந்துவிடும். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று முதல் பத்தியிலேயே பிரித்துக் காட்டிவிடுகிறார். அதன் பிறகு மார்கஸுக்குத் திரும்புங்கள். எபிக்டெட்டஸின் உரைகளைத் தனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் தன் ஆசிரியர் ரஸ்டிகஸ் என்று, நீங்கள் மூடி வைத்த அந்த முதல் பகுதியில்தான் அவர் நன்றி சொல்கிறார். இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கினால் தடங்கல் இருக்காது.

உங்கள் நண்பரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குழந்தையை முத்தமிடும்போது, முத்தமிடுவது சாகக்கூடிய ஒரு உயிரை என்று நினைத்துக்கொள் என்கிறது அந்தக் கையேடு. இந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். செனெகாவின் 63-ஆம் கடிதத்தோடு சேர்த்துப் படியுங்கள். நண்பனை இழந்த லூசிலியஸுக்கு ஆறுதலாக எழுதியது. கண்கள் வறண்டும் இருக்க வேண்டாம், பெருக்கெடுக்கவும் வேண்டாம் என்கிறார். அப்புறம் தன் கதைக்கு வருகிறார். தன் நண்பன் செரீனஸ் இறந்தபோது தானும் அளவு மீறி அழுததாகச் சொல்கிறார். வயதில் மிகவும் இளையவன், தனக்கு முன்னால் அவன் போவான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, அதனால்தான் அந்த அடி அப்படி விழுந்தது என்கிறார். சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தால், வரிசை பார்க்காமல் இந்தக் கடிதத்தை முதலிலேயே படித்துவிடுங்கள்.