கோபம் வந்தால் பிபி 180, பக்கவாதம் வருமா?

அப்பாவுக்கு மாத்திரை போட்டும் 140/90, கோபம் வந்தால் 180, டாக்டர் நரம்பு மண்டலம் அதிகமாகத் தூண்டப்படுகிறது என்கிறார், இதனால் பக்கவாதம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ஆனால் ஒரு நாள் கோபத்தைவிட, டாக்டர் சொன்ன அந்தப் பரிவு நரம்புகள் (கோபம், பயம் வந்தால் உடம்பை உசுப்பிவிடும் நரம்புகள்) ராத்திரி பகலாக முடுக்கத்திலேயே இருப்பதுதான் பெரிய கவலை. அவை நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும்போது சின்னத் தமனிகள் சுருங்கும், இதயம் வேகமாக அடிக்கும், சிறுநீரகமும் பிபியை ஏற்றும் ரெனின் என்ற பொருளை விட்டு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் இப்படி அழுத்தம் தாங்கினால் மூளையின் ஆழத்துக்குப் போகும் மெல்லிய குழாய்களின் சுவர் கெட்டுப்போய், ஒன்று அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் ஒரு திடீர் ஏற்றத்தில் வெடித்துவிடும். தூங்கி எழுந்த சில மணி நேரத்தில் பக்கவாதம் அதிகம் வருவதற்கு, அப்போது இந்த நரம்புகள் சட்டென்று முடுக்கம் எடுப்பதும் ஒரு காரணம்.

அப்புறம், அப்பா குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவாரா? இதை யாரும் கேட்பதே இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஒவ்வொரு முறையும் இதே நரம்புகள் சீறும், பிபி மாத்திரைக்கு அடங்காது. இருந்தால் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் 5 நிமிடம் சும்மா உட்காரவைத்து அளந்து, எழுதி எடுத்துப் போங்கள். குளோனிடின் அல்லது பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை எடுக்கிறார் என்றால் தானாக நிறுத்தவே கூடாது, பிபி எகிறிவிடும்.

வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ பிபி பார்த்துக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு.