பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் ஆடுதா?

கேள்வி: செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்ல கார் ஓட்டிட்டு வந்ததுல இருந்து, 100 கிமீ வேகத்துல போய் பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் உதறுது. பிரேக் டிஸ்க் வளைஞ்சிடுச்சு, மாத்தணும்ங்கறாங்க. நெஜமாவா?
- வாசகர், கோவை

பதில்: அவசரப்பட்டு மாத்தாதீங்க. பெரும்பாலும் டிஸ்க் வளையறதில்லைங்க, சூடேறின பிரேக் பேடு தேய்ஞ்சு டிஸ்க் மேல திட்டுத்திட்டா ஒட்டிக்கும், இல்லன்னா டிஸ்க் உக்கார்ற ஹப்ல (சக்கரத்தோட நடுப்பாகம்) துரு ஏறி டிஸ்க் லேசா சாய்ஞ்சு சுத்தி தடிமன் ஏறுக்குமாறா ஆயிடும், 0.02 மிமீ வித்தியாசமே போதும் உதற. டிஸ்கை கழட்டி ஹப்ப ஒயர் பிரஷ்ல தேய்ச்சுட்டு டிஸ்க்க திரும்ப மாட்டி, அது எவ்வளவு ஆடுதுன்னு அளக்கற டயல் கேஜ் வைக்கச் சொல்லுங்க. அப்பவும் டிஸ்க் ஆடினா வண்டியிலயே வச்சு லேத்ல கடைஞ்சு சமமாக்கலாம், ஆனா டிஸ்க்ல பொறிச்சிருக்கற மினிமம் தடிமனுக்குக் கீழ போனா புதுசுதான். ஓட்டை போட்ட டிஸ்க்னா விரிசலும் பாருங்க, இருந்தா கடையவே கூடாது. அப்புறம் டிராக்ல இருந்து சூட்டோட வந்து பிரேக்க மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க, கூல் ஆக ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டுங்க.