சோலார் பேனல் ஏன் சுடுகிறது என்று கேட்கும் பெண்ணுக்கு

உசிலம்பட்டியிலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் பிளஸ் டூ முடித்த மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். அவளுக்கு பி.எஸ்ஸி. இயற்பியல் ஆசை. தாய்மாமன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டார். வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போகவிருக்கிறது. பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். பத்திரம் என்றதும் நிறுத்திவிட்டேன். அண்ணே, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். வாக்குக் கொடுத்தது மாமா, படிக்கப்போவது பிள்ளை.

"பி.எஸ்ஸி. படித்தால் டீச்சர் வேலைதானே?" என்றார் அம்மா. இல்லை அக்கா, உங்கள் மகள் கேட்ட கேள்வியைப் பாருங்கள். மொட்டைமாடி சோலார் பேனல் ஏன் இப்படிச் சுடுகிறது, அந்தச் சூடும் கரண்ட் ஆகாதா என்கிறாள். உலகத்து ஆய்வுக்கூடங்கள் இன்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது.

ஒளி பட்டதும் எலெக்ட்ரான் தேவைக்கு மிஞ்சிய ஆற்றலோடு கிளம்புகிறது. நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் அந்த உபரி சூடாகிப் போய்விடுகிறது. சாதாரண சோலார் செல்லின் திறன் சுமார் 33 சதவீதத்தைத் தாண்ட முடியாததற்கு இது ஒரு பெரிய காரணம். சில நானோமீட்டரே உள்ள படிகத் துணுக்குகளுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். அவற்றில், ஆறுவதற்குள் அந்த எலெக்ட்ரானைப் பிடிக்கலாமா என்று தேடுகிறார்கள். இவ்வளவு குறுகிய நேரத்தை எப்படி அளப்பது? லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது பொருளை எழுப்பும். இரண்டாவது கொஞ்சம் தாமதமாக வந்து பார்க்கும். அது பட்டுத் திரும்பும் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் ஒளி போய்வர 0.3 மில்லிமீட்டர் கூடும். தாமதம் ஒரு பிகோசெகண்ட், அதாவது நொடியில் அதே லட்சம் கோடியில் ஒரு பங்கு. 2023இல் குவாண்டம் புள்ளிகளுக்கு வேதியியல் நோபல், பிகோசெகண்டைவிடவும் மிகக் குறுகிய அட்டோசெகண்ட் ஒளித்துடிப்புக்கு இயற்பியல் நோபல்.

சரி, வழி? அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் எல்லாம் மதுரையிலேயே இருக்கின்றன. அரசு உதவி பெறும் எய்டடு பிரிவில்தான் இடம் கேளுங்கள். அரசு உதவி இல்லாத செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் கட்டணம் வேறு. மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில், எம்.எஸ்ஸி. போன்ற மேற்படிப்புகளுக்கான ஜாம் (JAM) என்ற தேசிய நுழைவுத்தேர்வு. நல்ல ரேங்க் வந்தால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்ஸி.), முதுகலையும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு நேர்முகத்தேர்வு. அங்கே உதவித்தொகை உண்டு. வேறெங்காவது எம்.எஸ்ஸி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய்.

முழுதாக முடிக்க ஒன்பது வருடம்கூட ஆகலாம், மறைக்கமாட்டேன். நடுவில் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். கணக்கு கசந்தால் இந்தப் பாதை வேண்டாம். அதை மாமாவிடம் கேட்காமல் அவளிடமே கேளுங்கள். எய்டடு விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.