சின்ன ரயிலும் பிரிக்காத பெட்டிகளும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், வீடு பாலக்கோட்டில். மாடி அறையில் ஆறுக்கு நான்கு அடி ப்ளைவுட் போட்டு ஹெச்ஓ அளவு மாடல் ரயில் ஓட்டுகிறேன். ஜெர்மன் ஸ்டேஷன், பனி மலை, சுரங்கம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ரயிலோடு நிற்க முடியவில்லை. டைகாஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தில் வார்த்த பொம்மைக் கார்கள், நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன, எல்லாம் 1:64, நிஜக் காரில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அப்புறம் 1:72 விமான கிட்கள். அது போக பழைய அட்டை டிக்கெட்டுகள், தீப்பெட்டி லேபிள்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ரயிலை மட்டும் பார்க்கலாமா? என் கார்களை ரயில் பக்கத்தில் வைத்தால் பெரிதாகத் தெரிகிறது, குழுவில் நண்பர்கள் சிரிக்கிறார்கள். என் மச்சான், காரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது, பத்து வருடத்தில் பல மடங்கு விலை போகும் என்கிறார். அதனால் பெரும்பாலானவற்றை இன்னும் பிரிக்கவில்லை. மனைவியோ இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்கிறாள். உங்கள் கருத்து வேண்டும்.

எஸ்., பாலக்கோடு

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் மொரப்பூர் போய்த் திரும்பியிருந்தேன். எதற்குப் போனேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்கும் உங்கள் கடிதத்துக்கும் நிறையத் தொடர்பு இருக்கிறது.

எதையும் விட வேண்டாம். கிட் ஒட்டிப் பழகிய கைக்குத்தான் ரயில் பெட்டியைத் தானே செய்யும் துணிச்சல் வரும். உங்கள் மனைவி சொன்னதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மாதம் எவ்வளவு செலவாகிறது என்பதை மட்டும் அவரிடம் மறைக்காதீர்கள்.

1:64 கணக்குக்கு வருகிறேன். ஹெச்ஓ என்பது 1:87, ஒரு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். நான்கு மீட்டர் நீளமுள்ள கார் அதில் 46 மில்லிமீட்டர்தான் வரும், 1:64-இல் 62. பெரிதாகத் தெரியத்தான் செய்யும். போதாததற்கு இந்தச் சின்ன கார்களில் பல உண்மையில் 1:64-ம் இல்லை. எல்லாம் ஒரே அளவுப் பெட்டியில் அடங்கவேண்டும் என்பதற்காக லாரியைச் சுருக்கி, காரைக் கொஞ்சம் பெருக்கித்தான் வார்க்கிறார்கள். சரி, அதனால் என்ன? இங்கிலாந்துக்காரர்கள் ஓஓ என்று ஓட்டுகிறார்களே, அதில் வண்டி 1:76, தண்டவாளம் மட்டும் ஹெச்ஓவின் அதே 16.5 மில்லிமீட்டர். அந்த ஊர் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் 1:87 உடம்புக்குள் அடங்கவில்லை, அதனால் உடம்பை மட்டும் பெரிதாக்கிக்கொண்டார்கள். அந்தப் பொருத்தமின்மையோடு பல தலைமுறையாகச் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய காரை முன்னால், பார்ப்பவர் கண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். ரயில் நடுவில் ஓடட்டும். பின்னால் மலையடிவாரத்தில் 1:160 வீடுகளை வையுங்கள். கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும்.

கொலு பார்த்திருப்பீர்கள். செட்டியார் பொம்மை பக்கத்துக் கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருக்கும், யாராவது சிரித்திருக்கிறார்களா? கீழே பார்க் என்று ஒன்று போடுவார்கள். மணலைப் பரப்பி, கடுகையும் கேழ்வரகையும் முளைக்க வைத்து வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, அதைச் சுற்றி ஒரு சாவி ரயில். தர்மபுரியில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தது. நவராத்திரி ஒன்பது நாளும் நான் அந்த ரயிலின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், சுண்டலுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. உங்கள் குழுவில் சிரிப்பவர்களிடம் அவர்கள் வீட்டில் யாராவது பார்க் போட்டதுண்டா என்று கேளுங்கள்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டிய இடம். அந்தப் பெட்டிகளைப் பிரியுங்கள், தம்பி. மச்சான் பேச்சைக் கேட்டு நூறு கார்களை அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பவர் சேகரிப்பவர் இல்லை, கிடங்குக் காவலர். மேட்ச்பாக்ஸ் கார்கள் எப்படி வந்தன என்று தெரியுமா? லண்டனில் லெஸ்னி என்ற வார்ப்படக் கம்பெனியில் பங்குதாரராக இருந்த ஜாக் ஓடெல் என்பவரின் மகளுக்கு, தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக அனுமதி. அவர் ஒரு சின்ன ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். 1953-இல் அந்த வரிசை கடைக்கு வந்தது. ஒரு சிறுமி பள்ளிக்கூடத்தில் பெட்டியைத் திறந்து தோழிகளிடம் காட்டவேண்டும் என்பதற்காகப் பிறந்த பொருள் அது. தீப்பெட்டி லேபிளும் சேர்த்துக்கொண்டு, காரும் சேர்த்துக்கொண்டு, இதை நினைக்காமல் இருக்கிறீர்களே.

பெட்டி பொருளைக் காப்பாற்றும் என்பதும் முழு உண்மை இல்லை. இந்தக் கார்களை வார்ப்பது துத்தநாகக் கலவையில். அதில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் பல வருடம் கழித்து உள்ளிருந்தே வெடித்து உதிரும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற பிராண்டின் பொம்மைக் கார்கள் பல அப்படித்தான் போயின. பிரிக்காத கிட் பெட்டிக்குள் டீக்கால் என்ற ஒட்டுப்படம் மஞ்சளாகும். சில கிட்களில் வரும் மெத்தென்ற வினைல் டயர், தான் படிந்திருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தையே காலப்போக்கில் கரைத்துவிடும். மெத்தைக்காக வைக்கும் ஃபோம் இற்றுப்போய்ப் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் கழித்து மச்சான் சொன்ன விலை வந்தே விட்டது என்று வையுங்கள். அந்தப் பத்து வருடமும் அந்தக் கார் உங்களுக்கு என்ன கொடுத்தது? அதன் அடிப்பக்கத்தை ஒரு தடவையாவது பார்த்தீர்களா? சேர்ப்பதன் சுகமே கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதில்தானே இருக்கிறது. பணம்தான் வேண்டுமென்றால் அஞ்சலகத்தில் போடுங்கள், அலமாரியில் இடமாவது மிஞ்சும்.

சரி, மொரப்பூர்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ரயில் ஓடியது தெரியுமா? இப்போது நீங்கள் ஓசூருக்குப் போகும் அகலப்பாதை இல்லை, அதற்கு முந்தையது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை போட்டார்கள், 1913-இல் ஓசூர் வரை நீட்டினார்கள். தண்டவாளத்தின் இடைவெளி இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். அதே போல் 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இன்னொன்று. எல்லாம் அன்றைய சேலம் மாவட்டம். 1876-78 பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்த பிறகு, இனி பஞ்சம் வந்தால் தானியத்தைக் கொண்டு சேர்க்க வழி வேண்டும் என்று போட்ட பாதைகள். 1941-இல், போர்க்காலத்தில், இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதன் பிறகு இன்றுவரை ரயில் வரவில்லை.

என் அம்மாவின் அம்மா, எங்கள் ஆயா, கல்யாணமான புதிதில் அந்த ரயிலில் போனவள். தர்மபுரியில் ஏறி, மொரப்பூரில் இறங்கி, பெரிய ரயிலுக்கு மாறுவார்களாம். எஞ்சினிலிருந்து பறந்து வந்த கங்கு பட்டு அவள் கூறைப்புடவையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்துவிட்டது. அந்தப் புடவையை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு ஓட்டையையும் நூலால் அடைத்திருந்தாள். படி எவ்வளவு உயரம் ஆயா என்று கேட்டால் நம்ம திண்ணை உயரம்தான்டா என்பாள். திண்ணை இரண்டடி. 1:87-இல் அது 7 மில்லிமீட்டர். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் ஒரு மாடல் செய்பவனுக்கு வேண்டிய அளவு இருக்கிறது.

போன வாரம் மொரப்பூரில் நான் பார்த்தது தொண்ணூற்றைந்து வயது அம்மா ஒருவரை. சின்ன ரயில் நின்றுபோனபோது அவருக்குப் பத்து வயது இருக்கும். எப்படிப் போச்சும்மா என்று கேட்டேன். "ரயிலே வந்து தண்டவாளத்தை ஏத்திக்கிட்டுப் போச்சு" என்றார். கடைசியிலிருந்து கழற்றிக் கழற்றி, அந்த ரயில் தான் ஓடிய பாதையையே சுமந்துகொண்டு போயிருக்கிறது. பெட்டியின் நிறம், ஜன்னலில் கம்பி இருந்ததா, எந்த மரத்தடியில் நிற்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் களைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டில் யாரும் இதுவரை இதைக் கேட்டதில்லையாம்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம், பாலக்கோட்டில் பனி மலை என்று. கோபம் வந்தது. உங்கள் மேல் அன்பிருப்பதால் வந்த கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்ஓ அளவில் 762 மில்லிமீட்டர் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடுங்கள். எட்டே முக்கால். ஹெச்ஓவைவிடச் சின்ன 1:160 அளவுக்கு ‘N’ ஸ்கேல் என்று பெயர், அதன் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். அதாவது கடையில் கிடைக்கும் ‘N’ தண்டவாளத்தின் மேல் 1:87 வண்டியை வைத்தால் நம் சின்ன ரயில் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். ஐரோப்பாவில் இதை ஹெச்ஓஇ என்று தனி வகையாகவே செய்கிறார்கள். நம் இன்றைய அகலப்பாதைக்கு அந்த வசதி கிடையாது. 1676 மில்லிமீட்டர் ஹெச்ஓவில் 19-க்கு மேல் வரும், 16.5 தண்டவாளத்தில் அது எப்போதும் ஒடுங்கித்தான் தெரியும்.

எஞ்சின் யாரும் விற்க மாட்டார்கள், நீங்கள்தான் செய்யவேண்டும். ‘N’ ஸ்கேல் எஞ்சினின் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு, மேலே பிளாஸ்டிக் ஷீட்டில் உடம்பு கட்டுங்கள். விமான கிட்டில் பழகிய கை அதற்குத்தான். உங்கள் தீப்பெட்டி லேபிள்களில் அந்தக் காலத்துக் கடைப் பலகையின் நிறங்கள் கிடைக்கும். அட்டை டிக்கெட்டைப் பிரயாணம் முடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் வாங்கிக்கொள்வார்கள், வெளியே மிஞ்சுவது அபூர்வம், அதனால் சின்ன ரயில் டிக்கெட் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். மலைக்குப் பனி வேண்டாம், கிருஷ்ணகிரிப் பக்கம் ரோட்டோரம் கிடக்கும் கல்லே மலை. ஜல்லிக்குக் கிரஷர் தூளை ரவை சல்லடையில் சலியுங்கள். 50 மில்லிமீட்டர் ஜல்லி 1:87-இல் அரை மில்லிமீட்டர் சொச்சம், ரவை அளவுதான். சலித்த பிறகு காந்தத்தை ஒரு தரம் ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபெவிகாலில் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் கலந்து சொட்டு மருந்து மாதிரி விடுங்கள், தானாகப் பரவிப் பிடித்துக்கொள்ளும். சாலையோரப் புளியமரங்களுக்குக் காயில் கட்டும் கடையில் பழைய செம்புக் கம்பி கேளுங்கள், முறுக்கினால் கிளை வந்துவிடும். வளைவு இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆரத்தில் போட்டாலும் இந்தச் சின்ன வண்டிகள் திரும்பும், உங்கள் ஆறுக்கு நான்கில் ஒரு மூலை போதும். ஜெர்மன் ஸ்டேஷன் இன்னொரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதையும் ஆசையாகத்தானே செய்தீர்கள்.

ஆனால் இதற்கெல்லாம் அவசரமில்லை. அவசரம் வேறு. அந்த ரயிலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறுக்கு மேல் வயது. புதிய கார் வரிசை வெளியாகிறது என்றால் நள்ளிரவு வரை விழித்திருந்து போனில் முன்பதிவு செய்வீர்கள் இல்லையா, அந்த வேகத்தில் பாதியாவது இதற்கு வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டில் உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள். போகும்போது ஒரு காரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். வயதானவர்கள் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தால் பேச்சு தானாக வரும், பெட்டியின் அளவையும் அதை வைத்தே காட்டுவார்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பெயரும் ஊரும் எழுதிக்கொள்ளுங்கள். யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.