ஓடு பறந்த ஊர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு செக் நாட்டின் ப்ர்னோ நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் டொர்னாடோ என்ற சுழல்காற்று அடித்து ஊர்களே சிதைந்தன என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். அது அமெரிக்காவில் மட்டும் வருவதில்லையா? (வாசகி, தேனி)

பதில்: உறவினர் சொன்னது உண்மைதான் அம்மா. ஆனால் அதற்காக மகளைத் தடுத்துவிடாதீர்கள். என் மகனும் ப்ர்னோவில்தான் இருக்கிறான். 2023 கோடையில் அவனைப் பார்க்கப் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்களுக்கும் என்னைக் கூட்டிப் போனான். ப்ர்னோவுக்குத் தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹ்ருஷ்கி, மொராவ்ஸ்கா நோவா வெஸ், மிக்குல்சிட்சே, லுஜிட்சே என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள், கடைசியில் ஹோடோனின் நகரம். சுற்றிலும் திராட்சைத் தோட்டம்.

2021 ஜூன் 24, வியாழக்கிழமை. மாலை ஏழரை மணி ஆகவில்லை. அங்கே கோடையில் அந்த நேரத்துக்கு நல்ல வெளிச்சம் இருக்கும். முதலில் ஆலங்கட்டி கொட்டியது, அப்புறம் காற்று. ஏறக்குறைய 26 கிலோமீட்டர் தூரம் வழியில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. ஆறு பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். சேதமான கட்டடங்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்த நாட்டில் இந்தக் காலத்தில் பதிவானவற்றில் இதுதான் மிகக் கடுமையானது.

நான் போனபோது இரண்டு வருடம் ஆகியிருந்தது. தெருவில் நின்று பார்த்தால், காற்று எந்த வழியாகப் போனது என்பதை யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். ஒரு வரிசை வீடுகளில் ஓடு பளபளவென்று புதுச் சிவப்பு. நாலு வீடு தள்ளி, பாசி படிந்த பழைய ஓடு. பெரிய மரம் ஒன்றுகூட இல்லாத தெருவில், குச்சி கட்டி நிறுத்திய இளங்கன்றுகள்.

தோட்டத்தில் நின்றிருந்த பெரியம்மா ஒருவர் எங்களை உள்ளே அழைத்தார். பேசியதை மகன் மொழிபெயர்த்தான். தன் பேரிக்காய் மரத்தின் அடிக்கட்டையைக் காட்டினார். மேலே எல்லாம் முறிந்துபோய், பக்கவாட்டிலிருந்து தளிர் விட்டிருந்தது. கொட்டகைக் கதவில் ஒரு கீறல். அதற்குள் விரல் நுனியளவு ஓட்டுச் சில்லு, ஆணி அடித்ததுபோல் ஏறிக் கிடந்தது. “பிடுங்கிவிடலாம் என்றான் என் பேரன், நான்தான் விடவில்லை” என்றார். காது அடைத்துக்கொண்டது, அப்புறம்தான் சத்தம் கேட்டது என்றார். திராட்சை மது வைக்கும் நிலவறைக்குள் கணவரை இழுத்துக்கொண்டு ஓடியதாகச் சொன்னபோது அவர் கை நடுங்கியது. இரண்டு வருடம் கழித்தும்!

இனி உங்கள் கேள்வி. நானும் 31 வருடம் புவியியல் பாடம் நடத்தியவன். “நமக்கெல்லாம் வராதா சார்?” என்று கேட்ட பிள்ளைகளிடம், அது அமெரிக்காக்காரர்கள் பாடு என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். அது தவறு. அமெரிக்காவில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது என்பது சரி. ஆனால் ஐரோப்பாவிலும் வருடம் தவறாமல் நூற்றுக்கணக்கில் வரத்தான் செய்கிறது. பெரும்பாலும் பலவீனமானவை, வயலில் சுற்றிவிட்டு ஓய்ந்துவிடும்.

செக் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1119இல் ப்ராக் நகரின் விஷெஹ்ராத் கோட்டையில் ஒரு சுழல்காற்று அரசமாளிகைச் சுவரைச் சாய்த்ததைக் கோஸ்மாஸ் என்ற பாதிரியார் தன் வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார். ப்ர்னோவிலேயே 1870 அக்டோபர் 13 அன்று ஒன்று வந்தது. அதை நேரில் பார்த்து எழுதியவர் யார் தெரியுமா? பட்டாணிச் செடியை வைத்து மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரெகோர் மெண்டல்! அப்போது அங்கே மடாதிபதியாக இருந்தார். ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓடுகள் அவர் அறைக்குள் பாய்ந்தன. அவை எந்தப் பக்கமிருந்து வந்தன என்று பார்த்து, காற்று கடிகார முள்ளின் திசையில் சுழன்றது, அது வழக்கத்துக்கு மாறானது என்று கணித்தார். உடைந்த கண்ணாடிக்கு நடுவிலும் மனிதருக்கு அந்த நிதானம் இருந்திருக்கிறது. ஆக, எழுதியவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். நூறு, நூற்றைம்பது வருடம் ஓடினால் ஊருக்குத்தான் மறந்துபோகிறது.

கேள்வி: சூறாவளி, சுழல்காற்று, புயல் எல்லாம் ஒன்றுதானா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: இல்லை. புயல், டொர்னாடோ என்ற சுழல்காற்று இரண்டையுமே நம் பத்திரிகைகள் சூறாவளி என்று எழுதுவதால் வரும் குழப்பம் இது. நாகையில் நீங்கள் பார்ப்பது கடலில் உருவாகும் புயல். பல நூறு கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள், பெயர்கூட வைப்பார்கள். டொர்னாடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை தொங்கும் காற்றுத் தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள், ஆயுள் சில நிமிடம். கீழே சூடான ஈரக்காற்று, மேலே வேறு திசையில் வேகமாக ஓடும் காற்று, இரண்டும் சேர்ந்து மேகத்தையே சுழல வைக்கும்போது பெரிய டொர்னாடோக்கள் பிறக்கின்றன.

கேள்வி: இந்தியாவில் வந்திருக்கிறதா? (வாசகர், சேலம்)

பதில்: வந்திருக்கிறது. 1978 மார்ச் 17இல் டெல்லியின் வடபகுதியில் சில நிமிடமே அடித்தது, 28 பேர் பலி. 2024 மார்ச் 31இல் மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் மைனாகுரிப் பக்கம் வீடுகள் நொறுங்கின. உலகிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது பக்கத்து வங்கதேசத்தில் நடந்தது. 1989 ஏப்ரல் 26, தௌலத்பூர், சாத்தூரியா பகுதிகளில் ஏறக்குறைய 1,300 பேர். தகரக் கூரையும் மண் சுவருமாக இருந்த குடிசைகள். ஹோடோனின் பக்கத்துச் செங்கல் வீடுகளோடு அவற்றை நினைத்துப் பார்க்கவே மனம் வலிக்கிறது.

கேள்வி: முன்கூட்டியே எச்சரிக்க முடியாதா? வந்தால் என்ன செய்வது? (அதே தேனி வாசகி)

பதில்: கடும் இடிமழையும் ஆலங்கட்டியும் வரும் என்று 2021 ஜூன் 24 அன்று செக் நாட்டில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் இந்தத் தெருவில் டொர்னாடோ இறங்கும் என்று காலையிலேயே சொல்ல எவராலும் முடியாது. இதற்கென்றே ரேடார்களும் சைரன்களும் வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே சராசரியாகப் பத்து நிமிட அவகாசம்தான் கிடைக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் ஒத்திகை உண்டு. அரிதாக வரும் ஊரில் அது கிடையாது. ஜன்னலோரம் நின்று செல்போனில் படம் எடுக்கத்தான் கை போகும்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஜன்னலை விட்டு விலக வேண்டும். நிலவறை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில், வெளிச்சுவர் இல்லாத சின்ன அறைக்குள் உட்கார்ந்து தலையைப் போர்வையாலோ கையாலோ மூடிக்கொள்ள வேண்டும். காரில் தப்பி ஓட நினைக்கக் கூடாது. அவசர எண் 112. என் மகன் இருக்கும் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஒரு சாமான் அறை உண்டு. உங்கள் மகள் வாடகைக்கு வீடு பார்க்கும்போது அப்படி ஒன்று இருக்கிறதா, அதன் சாவி எங்கே தொங்குகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.